ஆற்றில் படகோட்டியவர்கள் ஓர் அணையை நிறுத்தினார்கள்: காட்டில் நடப்பவர் காட்டைக் காப்பாரா?

1. காட்டாறு (டென்வர்) எழுதியது:

சென்ற ஜூன் மாதம் கிரீன் ஆற்றில் மிதவைப் படகில் நான்கு நாட்கள் பயணம் செய்து திரும்பினேன். கொலராடோ மாநிலத்தின் வடமேற்கு மூலையில், திறந்த வெளியில் சோம்பலாக வந்துகொண்டிருக்கும் அந்த ஆறு, லோடோர் வாயில் என்ற இடத்தில் சட்டென்று செந்நிறப் பாறை மலைக்குள் புகுந்துவிடுகிறது. அங்கிருந்து யூட்டா மாநிலத்தில் கரையேறும் இடம் வரை 44 மைல். 1869 இல் ஜான் வெஸ்லி பவல் என்ற ஆய்வுப் பயணி தம்மையும் சேர்த்துப் பத்துப் பேருடன் நான்கு மரப்படகுகளில் இவ்வழியே சென்றபோது ஒரு படகு பாறையில் மோதி உடைந்தது. அந்த நீர்ச்சரிவுக்குப் பேரழிவு என்றே பெயர் வைத்துவிட்டார்கள். எங்கள் வழிகாட்டிப் பெண் அந்தப் பெயரைச் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

மூன்றாம் நாள் எக்கோ பார்க்கை அடைந்தோம். யாம்பா ஆறு சேற்று நிறத்தில் வந்து கிரீன் ஆற்றோடு சேரும் இடம் அது. கிரீன் ஆறு மேலே ஃபிளேமிங் கார்ஜ் அணையிலிருந்து விடப்பட்ட நீராகையால் கோடையிலும் தெளிந்து, கால் விறைக்கும் குளிர்ச்சியோடு வருகிறது. யாம்பாவின் குறுக்கே பெரிய அணை ஏதும் இல்லாததால் அது பனி உருகிய வேகத்தையும் மண்ணையும் அப்படியே கொண்டுவருகிறது. இரண்டு நிறங்களும் சற்றுத் தூரம் ஒட்டாமலே ஓடுகின்றன. அங்கே மணல்திட்டில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோதுதான், கீழே 500 அடிக்கு மேல் உயரமான அணை ஒன்று எழவிருந்தது என்பதையும், அது எழுந்திருந்தால் நாங்கள் அமர்ந்திருந்த இடம் நீரின் அடியில் போயிருக்கும் என்பதையும் அறிந்தேன்.

ஊர் திரும்பியபின் அந்த வரலாற்றைத் தேடிப் படித்தேன். இந்த இடம் டைனோசார் தேசிய நினைவிடம் என்ற பாதுகாக்கப்பட்ட நிலப்பகுதிக்குள் இருக்கிறது. 1915 இல் புதைபடிவங்களுக்காக 80 ஏக்கரில் தொடங்கிய அந்த நினைவிடத்தை 1938 இல் ஆற்றுப் பள்ளத்தாக்குகளையும் சேர்த்து இரண்டு இலட்சம் ஏக்கருக்கு மேல் விரிவாக்கினார்கள். ஆனாலும் 1950 வாக்கில் அணைத் திட்டம் வந்தபோது அந்தப் பள்ளத்தாக்குகளைப் பார்த்தவர்கள் மிகச் சிலரே. 1952 இல் ஹரோல்டு பிராட்லி என்ற ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர் தம் குடும்பத்தோடு யாம்பாவில் படகில் போய் வந்து, எடுத்த படச்சுருளைச் சியரா கிளப் என்ற இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தாருக்குப் போட்டுக் காட்டினார். மறு ஆண்டு அந்தக் கிளப் சுமார் 200 பேரை ஆற்றில் அழைத்துச் சென்றது. அதன் நிர்வாக இயக்குநரும் நியூ மெக்சிகோவின் ஷிப்ராக் சிகரத்தில் 1939 இல் முதலில் ஏறிய குழுவில் ஒருவருமான டேவிட் பிரோவர் தம் மகன்களோடு போனார். 1956 ஏப்ரலில் கொலராடோ ஆற்றுத் தேக்கத் திட்டச் சட்டம் நிறைவேறியபோது அதில் எக்கோ பார்க் அணை இல்லை.

உடம்பு நனைந்து, தோள் வலித்து, ஓர் இடத்தைக் கண்ட மனிதனால் அதை எளிதில் விட்டுக்கொடுக்க முடியாது என்பது என் அனுபவம். ஆனால் அந்த உணர்ச்சி ஒரு சட்டமாக மாறுகிற அளவுக்கு வலியதா, அல்லது விடுமுறை முடிந்ததும் வடிந்துவிடுகிறதா என்பதில் எனக்கு ஐயம் இருக்கிறது. நண்பர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

2. பாறைவல்லூறு எழுதியது:

காட்டாறு அவர்களே, பயணக் குறிப்புக்கு நன்றி. ஆனால் கதையின் பாதியைத்தான் சொல்லியிருக்கிறீர்கள். மறுபாதி உங்கள் மணல்திட்டிலிருந்து தென்புறமாகச் சில நூறு மைல் கீழே, நீருக்குள் கிடக்கிறது.

1954 இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் குழு முன் சாட்சியம் அளித்த பிரோவர் அங்கே அழகைப் பற்றி மட்டும் பேசவில்லை. எக்கோ பார்க்கைக் கைவிட்டு கொலராடோ ஆற்றின் கிளென் கேன்யன் பள்ளத்தாக்கில் அணையை இன்னும் உயர்த்திக் கட்டினால் நீர் ஆவியாகி வீணாகும் என்று அணை கட்டும் துறை சொல்லியிருந்தது. பிரோவர் கரும்பலகையைக் கொண்டுவரச் சொல்லி, ஒன்பதாம் வகுப்புக் கணக்கே தமக்குப் போதும் என்று கூறி, துறையின் பொறியாளர்கள் கழிக்க வேண்டியதைக் கழிக்க மறந்திருப்பதைக் காட்டினார். துறை பின்னர் பிழையை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. ஆக, எக்கோ பார்க்கைக் காப்பாற்றியதில் துடுப்புக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு கழித்தல் கணக்குக்கும் உண்டு.

அந்தக் கணக்கு எதை நோக்கிக் கைகாட்டியது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். கிளென் கேன்யனில் கட்டிக்கொள்ளுங்கள் என்றே அது சொன்னது. அப்போது பிரோவர் கிளென் கேன்யனைப் பார்த்ததில்லை. சட்டம் நிறைவேறிய பிறகே அங்கே படகில் சென்று, தாம் எதைப் பேரத்தில் கொடுத்துவிட்டோம் என்பதைக் கண்ணால் கண்டார். 1963 மார்ச்சில் மதகுகள் மூடப்பட்டன. அணைக்குப் பின்னால் தேங்கிய பவல் ஏரி 1980 இல் முதன்முறையாக நிரம்பியது. 186 மைல் நீளத்துக்கு ஆறும், அதன் இருபுறமும் கிளை கிளையாகப் பிரிந்த நூற்றுக்கணக்கான குறுகிய பள்ளத்தாக்குகளும் மறைந்தன. அந்த வருத்தத்தை அவர் கடைசி வரை சுமந்தார். (ஆற்றைப் படகில் ஆராய்ந்தவர் பெயரையே ஆற்றை மூழ்கடித்த ஏரிக்கு வைத்த மனநிலையை என்னவென்று சொல்வது!) நீண்ட வறட்சியால் 2023 தொடக்கத்தில் அந்த ஏரி கொள்ளளவில் கால் பங்குக்கும் கீழே இறங்கியபோது, மூழ்கிப்போன பள்ளத்தாக்குகள் சில மீண்டும் வெளியே வந்தன.

ஆகவே சாகசப் பயணம் தரும் பற்று, கால் போன இடத்தோடு நின்றுவிடுகிறது என்பது என் முதல் ஐயம். கால் போன இடத்தைக்கூட அது எப்போதும் காப்பதில்லை என்பது இரண்டாவது. சியரா கிளப்பின் நிறுவனர்களில் ஒருவரான ஜான் மியூர், கலிபோர்னியாவின் ஹெட்ச் ஹெட்சிப் பள்ளத்தாக்கை அங்குலம் அங்குலமாக அறிந்தவர். அது யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்குள்ளேயே இருந்தது. சியரா கிளப் 1901 முதல் ஆண்டுதோறும் மலைப் பயணங்களை நடத்தி வந்தது. இருந்தும் 1913 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவின் குடிநீருக்காக அங்கே அணை கட்டச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் மியூர் இறந்தார். கண்டவர்கள் சிலர், தாகத்தோடு இருந்தவர்கள் ஒரு நகரம் முழுவதும். அந்தச் சிலரின் சொல் எடுபடவில்லை.

3. தினைப்புனம் எழுதியது:

இருவரும் 'கண்டவர்கள் சிலர்' என்று எழுதுகிறீர்கள். யாருடைய கண் என்று கேட்க விரும்புகிறேன். கிளென் கேன்யனை யாரும் அறியவில்லை என்று அந்தக் காலத்து வெள்ளையர் எழுதியதை நாமும் அப்படியே வாங்கி எழுதிவிடுகிறோம். அதன் கரையில் உள்ள ரெயின்போ பாலம் என்ற கல்வளைவு நவாஹோ மக்களுக்குப் புனிதமான இடம். அவர்கள் அதை அறிந்துதான் இருந்தார்கள். யோசெமிட்டியில் வாழ்ந்த அவானீச்சி மக்களை 1851 இல் ஆயுதப் படை துரத்தியது. அதற்குப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து ஆட்டு மந்தையோடு சியரா மலைத்தொடருக்குள் வந்த மியூரின் கண்ணுக்கு அது ஆளற்ற ஆலயமாகத் தெரிந்தது. பள்ளத்தாக்கில் எஞ்சியிருந்த பூர்வகுடிக் குடியிருப்பின் கடைசி வீடுகள் 1969 இல் அகற்றப்பட்டன. பொதுநிலம் என்று நாம் சொல்லும் சொல்லின் அடியில் இந்த வெளியேற்றம் இருக்கிறது.

சாகசம் கெட்டது என்று நான் சொல்லவரவில்லை. யூட்டாவின் பேர்ஸ் இயர்ஸ் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஹோப்பி, நவாஹோ, ஸூனி, இரண்டு யூட் குடிகள் ஆகிய ஐந்து பழங்குடி அரசுகள் ஒன்றுசேர்ந்து கேட்டதால்தான் 2016 டிசம்பரில் ஒபாமா 13.5 இலட்சம் ஏக்கரைத் தேசிய நினைவிடமாக அறிவித்தார். அங்குள்ள இந்தியன் கிரீக் பாறைப் பிளவுகளில் ஏறுவதற்கு உலகெங்கிலுமிருந்து வருபவர்கள் அந்தக் கோரிக்கைக்குத் துணை நின்றார்கள். ஓராண்டில் டிரம்ப் அதை 85 விழுக்காடு சுருக்கினார். 2021 இல் பைடன் மீட்டார். இந்தப் போராட்டத்தில் மலையேறுபவர்கள் பின்வரிசையில் நின்றார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த செய்தி. முன்னால் நின்றவர்கள் அந்த நிலத்துக்குச் சொந்தக்காரர்களாகத் தங்களைச் சொல்லிக்கொள்ளும் உரிமை உள்ளவர்கள்.

4. வரையாட்டுப்பாதை (வால்பாறை) எழுதியது:

நான் வேறொரு சங்கடமான செய்தியைச் சேர்க்கிறேன். நடப்பவரையும் ஏறுபவரையும் படகோட்டுபவரையும் பற்றிப் பேசுகிறோம். துப்பாக்கி தூக்கியவரை விட்டுவிட்டோம்.

நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் இன்று வரையாடு மேய்வதற்குப் புல்வெளி மிச்சமிருக்கிறதென்றால் அதில் வேட்டைக்காரர்களின் பங்கும் இருக்கிறது. நீலகிரி வேட்டைச் சங்கம் 1877 இல் அமைந்தது. 1879 இல் நீலகிரி வேட்டை விலங்கு மற்றும் மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அவர்கள் விலங்கின் மேல் இரக்கம் கொண்டு அதைச் செய்யவில்லை. கண்டவரெல்லாம் சுட்டுத் தீர்த்துவிட்டால் அடுத்த ஆண்டு சுடுவதற்கு எதுவும் இராது என்ற கவலைதான் காரணம். மூணாற்றுப் பக்கத்தில் தேயிலைத் தோட்டத் துரைமார் தங்கள் சங்கத்தை அமைத்து, இரவிகுளம் மேட்டுநிலத்தைத் தங்கள் வேட்டைக்கும் தூண்டில் மீன்பிடிப்புக்கும் ஒதுக்கி வைத்தார்கள். காவலர்களாக முதுவர் பழங்குடியினரை அமர்த்தினார்கள். துரை சுட்ட கடாவின் கொம்பு கிளப் சுவரில் ஏறியது. அது எந்தப் பாறை விளிம்பில் எந்த நேரத்தில் நிற்கும் என்பதை அறிந்து அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்திய முதுவரின் பெயர் எந்தச் சுவரிலும் ஏறவில்லை. தினைப்புனம் அவர்கள் சொன்னது இங்கும் பொருந்துகிறது.

1971 இல் கேரள அரசு கண்ணன் தேவன் மலை நிலங்களை மீட்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. அந்த மேட்டுநிலம் 1975 இல் சரணாலயமாகவும் 1978 இல் தேசியப் பூங்காவாகவும் ஆனது. 97 சதுர கிலோமீட்டர், ஆனைமுடி உட்பட. இதற்கு மாறாக நீலகிரி மேட்டில் என்ன நடந்தது என்பதை ஊட்டியிலிருந்து அவலாஞ்சி வரை போனால் பார்க்கலாம். புல்வெளியைத் தரிசு என்று கணக்கிலெடுத்துச் சீகை (வாட்டில்) மரத்தையும் கற்பூர மரம் எனப்படும் யூகலிப்டஸையும் நட்டுத் தள்ளினார்கள். மரம் நடுவது நன்மை என்று நம்பியவர்கள் செய்த வேலை அது. வேட்டைக்காரனுக்குப் புல்வெளி புல்வெளியாகவே வேண்டியிருந்தது. அந்தத் தன்னலம் அங்கே பசுமை ஆர்வத்தைவிட நல்ல பலனைத் தந்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் இந்தத் தன்னலத்தை வரியாகவே மாற்றிவிட்டார்கள். 1937 ஆம் ஆண்டின் பிட்மன்-ராபர்ட்சன் சட்டத்தின்படி துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கப்படும் வரி, மாநிலங்களின் காட்டுயிர்ப் பணிக்கென்றே போகிறது. 1950 இல் தூண்டில் கருவிகளுக்கும் அவ்வாறே ஏற்பாடு செய்தார்கள். முதுகுப்பைக்கும் கூடாரத்துக்கும் மலையேற்றக் காலணிக்கும் அத்தகைய வரி இல்லை. காட்டை நேசிப்பதாகச் சொல்லும் நம்மைப் போன்றவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

5. குந்திப்புழை எழுதியது:

இவ்வளவு பேர் எழுதியும் கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கை (சைலன்ட் வேலி) ஒருவரும் சொல்லவில்லை. குந்திப்புழையின் குறுக்கே மின்சாரத்துக்காக அணை கட்டத் திட்டக் குழு 1973 இல் இசைவு தந்தது. அதை எதிர்த்தவர்கள் யார்? கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் இயக்கத்தின் பள்ளி ஆசிரியர்கள், கல்லூரி ஆசிரியர்கள், சுகதகுமாரி போன்ற கவிஞர்கள், அறிவியலாளர்கள். அங்கே போய்வந்த ஆய்வாளர்கள் சிலர் இருந்தார்கள்; சிங்கவால் குரங்கைப் பற்றி அவர்கள் எழுதியவை பெரிதும் உதவின. ஆனால் ஊர் ஊராகக் கூட்டம் போட்டுப் பேசியவர்களிலும் கேட்டவர்களிலும் பெரும்பாலோர் அந்தக் காட்டில் ஓர் அடிகூட வைத்ததில்லை. திட்டம் கைவிடப்பட்டது, 1984 நவம்பரில் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது.

மனிதன் ஓர் இடத்தைக் காப்பதற்கு முன் அதில் நனைந்தே ஆகவேண்டும் என்றால் அமைதிப் பள்ளத்தாக்கு இன்று நீர்த்தேக்கமாக இருந்திருக்கும். அப்படி எல்லாரும் நனையப் போயிருந்தாலும் அது காடாக எஞ்சியிருக்குமா என்பதும் கேள்விதான்.

6. காட்டாறு எழுதியது:

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். குந்திப்புழை அவர்களின் பதிவு என் வாதத்தின் காலை வாரிவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் முழுவதும் விழுந்துவிடவில்லை. அந்த ஆய்வாளர்கள் சிலர் உள்ளே போய்ப் பார்த்து வராமல், சிங்கவால் குரங்கு என்ற சொல் ஆசிரியர்களின் வாயில் வந்திருக்காது. பிராட்லியின் படச்சுருளைப் பார்த்தவர்களிலும் பெரும்பாலோர் யாம்பாவுக்குப் போகாதவர்கள்தான். 1955 இல் எக்கோ பார்க்கைப் பற்றிய படநூலைக் காங்கிரஸ் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் கொடுத்தார்கள். அவர்களில் எத்தனை பேர் படகேறியிருப்பார்கள்? எல்லாரும் போகவேண்டியதில்லை. போனவர் திரும்பி வந்து போகாதவரிடம் சொல்லவேண்டும், சொல்லுக்குச் சாட்சியாகக் கணக்கும் கையில் இருக்கவேண்டும். நான் போன ஜூனிலிருந்து என் அலுவலகத்தில் மூன்று பேருக்குப் படங்களைக் காட்டியதோடு சரி.

இங்கே நான் கண்டு வியக்கும் இன்னொன்றையும் சொல்கிறேன். அமெரிக்க நடுவண் அரசின் கையில் சுமார் 64 கோடி ஏக்கர் நிலம் இருக்கிறது. நாட்டின் பரப்பில் கால் பங்குக்கு மேல். 2025 ஜூனில் மேற்கு மாநிலங்களில் அதில் 20 இலட்சம் ஏக்கருக்கும் மேல் விற்பதற்கு ஒரு செனட்டர் வரவுசெலவு மசோதாவில் பிரிவு ஒன்றைச் சேர்த்தார். எதிர்ப்பு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், எதிலும் ஒத்துப்போகாத இரு சாராரும் ஒரே பக்கம் நின்றார்கள். மான் வேட்டைக்குப் போகும் பழமைவாதி ஒருபுறம், பாறை ஏறும் கல்லூரி மாணவர் மறுபுறம். அந்த மாத இறுதிக்குள்ளேயே செனட்டர் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். என் அலுவலகத்தில் வேட்டைக்குப் போகும் நண்பர் ஒருவர், தம் வாழ்நாளில் முதல்முறையாகச் செனட்டரின் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசியதாகச் சொன்னார். 'என் நிலத்தை விற்க நீ யார்' என்பதே அவருடைய கேள்வி. ஆண்டுக்கு ஒரு வாரம் கூடாரம் போடுவதைத் தவிர அந்த நிலத்தோடு அவருக்கு எந்தப் பத்திரமும் இல்லை.

நம் ஊரில் 'அது பாரஸ்ட் இடம்' என்றுதான் சொல்வோம். என் பாட்டி ஊரை அடுத்த மலையை எண்பது ஆண்டு பார்த்தவர். அவரும் அப்படித்தான் சொன்னார்.

7. ஏழாவதுமலை (கோவை) எழுதியது:

காட்டாறு அவர்களின் கடைசி வரியைப் பிடித்துக்கொள்கிறேன். நமக்கு மலையேற்றம் புதிதன்று. வெள்ளியங்கிரி, சதுரகிரி, பர்வதமலை என்று மூங்கில் தடியை ஊன்றிக்கொண்டு இரவெல்லாம் ஏறும் கூட்டத்துக்கு முன் எந்த நாட்டு மலையேற்றக் கழகமும் நிற்க முடியாது. நான் வெள்ளியங்கிரிக்குப் பதினொரு முறை போயிருக்கிறேன். ஏழாவது மலையில் விடியற்காலைக் காற்று முகத்தில் அடிக்கும்போது வரும் உணர்வை மியூர் உணர்ந்ததைவிடக் குறைந்ததாக நான் நினைக்கவில்லை. பற்று இருக்கிறது, வியப்பு இருக்கிறது, உடல் வருத்தம் நிறையவே இருக்கிறது. இருந்தும் அடிவாரத்தில் வனத்துறையினர் ஒவ்வொரு பையாகத் திறந்து நெகிழியை எடுக்கவேண்டியிருக்கிறது. எடுத்தபின்னும் பாதையோரம் கிடக்கிறது. பற்றெல்லாம் உச்சியில் இருக்கும் ஈசன் மேல்; வழியில் இருக்கும் காடு வெறும் வழி. ஆகவே பயணத்தின் கடுமை மட்டும் ஒருவரைக் காவலராக்கும் என்பதை நான் ஏற்கவில்லை. போகிறவர் எதைப் பார்க்கப் போகிறார் என்பதும், உடன் வருபவர் எதைக் காட்டுகிறார் என்பதும்தான் முடிவு செய்கின்றன.

2018 மார்ச் 11 இல் குரங்கணி மலையில் பரவிய தீ 23 உயிர்களைக் கொண்டுபோனது. அதன்பின் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கான விதிகள் இறுகின. நெடுநாள் பல தடங்கள் மூடிக்கிடந்தன. 2024 அக்டோபரில் அரசு 14 மாவட்டங்களில் 40 தடங்களைப் பயிற்சி பெற்ற வழிகாட்டிகளோடு திறந்தது. அவர்களில் பலர் அந்தந்த மலையின் பழங்குடி இளைஞர்கள். கட்டணம் மிகுதி என்று குறைபட்டுக்கொண்டே சென்ற ஆண்டு ஒரு தடத்துக்குப் பெயர் கொடுத்தேன். வழிகாட்டியாக வந்தது இருபத்திரண்டு வயதுத் தம்பி. வேகமாக நடப்பதே வீரம் என்று பழகிய என்னை அவர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தினார். காட்டுமாட்டின் குளம்புத் தடத்தைக் காட்டினார். பிறகு பாதையின் இருபுறமும் தோள் உயரத்துக்கு வளர்ந்து பூத்திருந்த உண்ணிச்செடியை (லண்டானா) காட்டி, தம் தாத்தா மாடு மேய்த்தபோது இங்கே புல் இருந்ததென்றும், இப்போது புல் இல்லாததால் காட்டுமாடு தோட்டத்துக்குள் இறங்குகிறதென்றும் சொன்னார். அதே செடியை வெள்ளியங்கிரியில் பதினொரு முறையும் உரசிக்கொண்டு நடந்தவன் நான். அழகான பூ என்று படம்கூட எடுத்திருக்கிறேன்.

திரும்பி வந்து வனத்துறைக்கு ஒரு கடிதம் எழுதினேன். எந்தப் புதரை எந்த ஆண்டு அகற்றினார்கள், மீண்டும் முளைத்தனவா என்பதைத் தடங்களில் நடப்பவர்களே குறித்துக் கொடுக்க ஒரு படிவம் வைக்கலாம் என்று கேட்டிருந்தேன். பதில் வரவில்லை. பிரோவரின் கரும்பலகைக் கதையைப் படித்தபின் இரண்டாவது கடிதத்தை எண்களோடு எழுதலாம் என்றிருக்கிறேன். அதற்கு அந்தத் தம்பி இசைந்திருக்கிறார்.

8. வரையாட்டுப்பாதை (வால்பாறை) எழுதியது:

ஏழாவதுமலை அண்ணா, எண் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. வரையாட்டுக்கு எண் கிடைத்ததே நடந்துதான். 1975 இல் ஈ.ஆர்.சி. டேவிதார் மலைமலையாக ஏறி எண்ணினார். அவரை நினைவுகூர்ந்துதான் அக்டோபர் 7 ஐ வரையாட்டு நாளாகத் தமிழ்நாட்டில் கொண்டாடுகிறோம். 2024 இல் வனத்துறை ஒரே நேரத்தில் எண்ணியபோது தமிழ்நாட்டில் 1,031. அடுத்த ஆண்டு கேரளத்தோடு சேர்ந்து எண்ணியபோது இரு மாநிலத்திலும் 2,668. இரண்டாவது கடிதத்தில் செடியைப் பற்றி மட்டும் எழுதாமல், எத்தனை மீட்டருக்கு எத்தனை புதர் என்று தடத்தைக் கூறுகூறாகப் பிரித்து எழுதுங்கள். அளவுநாடா ஒன்றும் நோட்டுப் புத்தகமும் போதும்.

9. காட்டாறு (டென்வர்) எழுதியது:

டிசம்பரில் ஊருக்கு வருகிறேன். தீப்பருவத்துக்காகத் தடங்களை மூடுவதற்குமுன் இரண்டு நாட்கள் ஒதுக்க முடியும். ஏழாவதுமலை அவர்களுக்கு ஆட்சேபணை இல்லையென்றால் நாடாவின் மறுமுனையை நான் பிடித்துக்கொள்கிறேன்.